உ போடாத கடிதங்கள்

மதினிக்கு நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்யப் போகிறார்கள் என்று கடிதம் வந்ததால்தான் எங்கள் வீட்டு இணையத்தை மாற்றினோம். இப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்கு விளங்காது. எனக்கே பல நாள் விளங்கவில்லை.

மதினி என்றால் என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி இல்லை. என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பரின் மனைவி. அந்த நண்பர் நெற்குப்பைக்காரர். படிப்பு முடிந்ததும் வடக்கே ஓர் இரும்பாலை ஊருக்கு வேலைக்குப் போனார். ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். ஊரில் இருந்த வீட்டுப் பங்கை விற்றாயிற்று. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். பிள்ளைகள் இல்லை. எப்போதாவது குலதெய்வத்துக்குப் படையல் போட இருவருமாக வருவார்கள். வந்தால் காரைக்குடி செக்காலையில் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். முதல் தடவை வந்தபோதே நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டேன். அதனால் அவர் மனைவி எனக்கு மதினி ஆனார்.

அண்ணனுக்குக் காது போய்விட்டது. வேலைக் காலம் முழுவதும் இரும்பை உருட்டும் இரைச்சலில் நின்றவர். பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்துச் சொன்னால்தான் கேட்கும். தொலைபேசியெல்லாம் அவருக்கு ஆகாது. என் வீட்டுக்காரரோ, குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூங்கொத்துகளும் நாட்டு வைத்தியமும் வந்து குவிந்ததில் வெறுத்துப்போய், பொத்தான் வைத்த பழைய கைப்பேசிக்கே திரும்பிவிட்டவர். ஆக இருவருக்கும் மிச்சம் இருந்த ஒரே வழி மின்னஞ்சல். அதை இருவரும் கடிதம் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அண்ணனின் கடிதம் வெள்ளிக்கிழமை வரும். தலைப்பு எழுதும் கட்டத்தில் ஒரு ‘உ’ இருக்கும், வேறு தலைப்பு கிடையாது. தாளில் எழுதிய காலத்தில் மேலே பிள்ளையார் சுழி போட்டுப் பழகிய கை, கணினியில் ‘மேலே’ என்பது எது என்று தேடி அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்திருந்தது. கடிதத்தின் முடிவில் ‘தங்கச்சிக்கு’ என்று ஒரு பகுதி வரும். அது எனக்கு. மதினி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அண்ணன் எழுதியது. இங்கே கிடைக்கிற புளி புளிக்கவே மாட்டேன் என்கிறது, மாவடு உப்பில் கிடந்து கறுத்துவிட்டது, கும்மாயத்துக்கு மாவு வறுத்தால் ஏன் கசக்கிறது என்று ஏதாவது கேட்டிருப்பார். நான் சொல்லச் சொல்ல இவர் பதில் எழுதுவார். “நேரா போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே ரெண்டு பேரும்? எங்கள ஏன் எழுத்தரா வச்சிருக்கீக?” என்று அலுத்துக்கொள்வார். ஆனால் ஒரு வாரம் நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால், “என்ன, இந்த வாரம் மதினிக்கு ஒண்ணுமில்லையா?” என்று அவரே வந்து நிற்பார். நேரில் பார்த்தது சில தடவைதான். என் அடுக்களையில் எந்த டப்பா எங்கே இருக்கும் என்பது மதினிக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் அண்ணன் எழுதியிருந்தார்: “திங்கக்கெழம சேக்கச் சொல்லிட்டாக. பயப்பட ஒண்ணுமில்லேங்கிறாரு டாக்டர். முடிஞ்சதும் மொதக் கடிதம் ஒனக்குத்தான்.” அதன் கீழே, ‘தங்கச்சிக்கு’ பகுதியில் ஒரே வரி இருந்தது. வீட்டுக்கு வந்து சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று மதினி சொல்லியிருந்தார்.

அப்போது எங்கள் வீட்டுக்கு இணையம் வந்தது பழைய செம்புக் கம்பி வழியாக. வானம் இருண்டாலே அது படுத்துவிடும். ஐப்பசி மழை வேறு. “மதினி சேதி வர்ற நேரத்துல கம்பி செத்துக் கெடந்தா என்ன செய்வீக?” என்று நான்தான் பிடித்துக்கொண்டேன். இவர் தயங்கினார். இணைப்பை விட்டால், அதோடு சேர்த்து அந்த நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் போய்விடும். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலத்திலிருந்து வைத்திருந்த முகவரி அது. நான் விடவில்லை. நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

எங்கள் பக்கத்தில் கண்ணாடி இழை இணைப்புக் கொடுப்பவர் ஒரு பாய். எனக்கு ஒத்த வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பார். அவரே வந்து நின்று, மழைக்கு முன்னால் கம்பியை இழுத்து மாட்டி முடித்தார். முகவரிக் கவலையைச் சொன்னதும், “பழைய முகவரிக்கு வர்றத எல்லாம் புதுசுக்குத் திருப்பி விடச் சொல்லி எழுதிக் குடுங்க சார். கொஞ்ச நாளைக்குச் செய்வாக. அதுக்குள்ள எல்லாருக்கும் புது முகவரியச் சொல்லிருங்க” என்றார். ரசீது எழுதிக் கொடுத்தார். ரசீதின் உச்சியில் 786 என்று போட்டிருந்தது.

புதுப் பெட்டியைத் திறந்த அன்றே மடை உடைந்தது. பழைய இடத்தில் இவர் வருஷக்கணக்காக வேண்டாதவற்றைத் தள்ளித் தள்ளி, அந்தப் பெட்டி எதை விட வேண்டும் எதைத் தடுக்க வேண்டும் என்று நன்றாகப் பழகியிருந்தது. அந்தப் பழக்கமெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. குப்பை மட்டும் ஒன்று விடாமல் இங்கே திரும்பி வந்தது. முழங்கால் தைலம், மலை வாசஸ்தலத்தில் மனை, எந்த நாட்டிலோ செத்துப்போன செல்வந்தரின் சொத்துக்கு இவர்தான் வாரிசு என்று ஒரு வக்கீல். இதற்குள் அண்ணனின் கடிதம் வந்தால் எங்கே போய்த் தேடுவது என்று இவருக்குக் கை ஓடவில்லை. பாயைக் கேட்டோம். “வடிகட்டி இருக்கு சார். வேண்டியத மட்டும் உள்ள விட்டுட்டு மிச்சத்த ஒரு குப்பைப் பெட்டிக்கு அனுப்பலாம். ஒரு மாசம் அங்க கெடந்துட்டு தானா அழிஞ்சுரும்” என்றார்.

இவர் உட்கார்ந்து வடிகட்டியைக் கட்டினார். வங்கி, எரிவாயு, ஓய்வூதிய அலுவலகம், பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் என்று ஒவ்வொரு முகவரியாகக் கொடுத்து வழி விட்டார். அண்ணனிடம் வந்ததும் வேலை நின்றது. அண்ணனுக்கு நிலையான முகவரி கிடையாது. கடவுச்சொல் மறந்துவிடும். மறந்தால் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், புதிதாக ஒரு முகவரி தொடங்கிவிடுவார். சில சமயம் அங்கே ஓய்வு பெற்றவர்கள் சங்கத்துக் கணினியில் உட்கார்ந்து, வேறு யாருடைய முகவரியிலிருந்தாவது எழுதுவார். இவர் ரொம்ப நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். மேசையில் பாயின் ரசீது கிடந்தது.

“இங்குட்டு வா. பாய் ரசீதுல பாத்தியா, 786 போடாம எழுத மாட்டாரு. நம்ம ஆளு எந்த முகவரியில இருந்து எழுதினாலும் மேல உ போடாம எழுதுவானா?”

சும்மா சொல்லக் கூடாது, அந்த யோசனை எனக்கும் பிடித்தது. தலைப்பில் உ இருந்தால் உள்ளே விடு என்று விதி எழுதினார். மறுநாள் காலையில் ‘உங்களுக்கு உடனடிக் கடன்’, ‘உடல் இளைக்க ஒரே வாரம்’ எல்லாம் ராஜநடை போட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தன. நான் சிரித்த சிரிப்பில் இவருக்குக் கோபம் வந்துவிட்டது. தலைப்பில் உ மட்டும் தனியாக இருந்தால்தான் விட வேண்டும் என்று விதியைத் திருத்தினார். அதன் பிறகு பெட்டி துடைத்து வைத்தது போல இருந்தது. அண்ணனுக்கு, ‘நலமா? முகவரி மாறிவிட்டது, இனி இதற்கு எழுது’ என்று இரண்டு வரி அனுப்பினார்.

திங்கட்கிழமை வந்தது, போனது. அன்று காலையில் அம்மன் கோயிலுக்குப் போய் நெய் விளக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை கடிதம் வரவில்லை. “பெரிய ஆபரேசன்ல. பக்கத்துலயே இருப்பான், எழுத எங்க நேரம்?” என்றார் இவர். சரிதான் என்று பட்டது. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அண்ணன் வீட்டுக் கைப்பேசி எண்ணுக்குப் போட்டுப் பார்த்தோம். மதினிதான் அதை வைத்திருப்பார். அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் இந்தியில் சொன்னாள்.

“என்ன ஆச்சுன்னு கேட்டு ஒரு வரி எழுதுங்களேன்.”

“அவனா எழுதுவான். முடிஞ்சதும் மொதக் கடிதம் எனக்குத்தான்னு சொல்லியிருக்கான்ல? நாம ஏன் நோண்டணும்?”

“கேட்டா என்ன கொறஞ்சா போயிருவீக?”

“ஒனக்கு எல்லாத்துக்கும் அவசரம்” என்று எரிந்து விழுந்தார்.

அவருக்கு ஏன் கேட்க மனமில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரை மதினி ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். இவரைத் திட்டினேனே தவிர, இவர் உட்காராத நேரத்தில் நானாவது கணினி முன்னால் உட்கார்ந்து எழுதியிருக்கலாம் அல்லவா? நானும் உட்காரவில்லை. எனக்கும் அதே பயம்தான். இதை மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இவர் தினமும் காலையில் பெட்டியைத் திறப்பார். உ இருக்கிறதா என்று பார்ப்பார். மூடுவார். போகப் போக அண்ணன் மேல் ஒரு கோபத்தை வளர்த்துக்கொண்டார். “நல்லபடியா முடிஞ்சிருச்சு போல. சந்தோசத்துல நம்மள மறந்துட்டான். எழுதட்டும், நாலு கேள்வி கேக்குறேன்.” அப்படி இருக்க வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்படுகிறார் என்பது தெரிந்ததால், அப்போதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்படி ஒரு மாதத்துக்கும் மேல் ஓடியது. ஒரு நாள் மத்தியானம் அடுத்த தெருவிலிருந்து ஒருவர் வந்து, வாசலுக்கு உள்ளே வராமல், கம்பிக் கதவில் ஒரு கார்டைச் செருகிவிட்டுப் போனார். அவர்கள் வீட்டுப் பெரியவருக்குக் கருமாதி. கல்யாணப் பத்திரிகை என்றால் வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன் வைப்போம். சாவுச் சேதி சொல்லும் கேதக் கார்டை உள்ளே கொண்டுபோவதில்லை. வாசலிலேயே நின்று படித்துவிட்டு, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். நான் படித்தேன். நாள், நேரம், இடம் பார்த்துக்கொண்டேன். பாதி கிழித்துவிட்டேன்.

கார்டின் உச்சி வெறுமையாக இருந்தது. மஞ்சள் இல்லை, சுழி இல்லை. எங்கள் பக்கத்தில் கேதச் செய்தி எழுதும்போது மேலே உ போட மாட்டார்கள். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. எழுதத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும். அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவருக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், விதி எழுதிய என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

கிழித்த பாதி கையில் இருக்கவே உள்ளே ஓடினேன். செய்யக் கூடாததுதான். அப்போது அது நினைவில் இல்லை.

“ஏங்க. அண்ணே கேதம் எழுதினா உ போடுவாகளா?”

இவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது அவருக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு டம்ளரை வைக்க இடம் தேடினார். மேசை காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் தேடினார். நான் வாங்கி வைத்தேன்.

குப்பைப் பெட்டியை அதுவரை நாங்கள் திறந்ததே இல்லை. திறந்தால் தைலமும் மனையும் கடனும் பக்கம் பக்கமாக ஓடின. இவர் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஒன்று நின்றது. இன்னும் கீழே இன்னொன்று. அண்ணனின் பெயர்தான். தலைப்புக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. ‘தலைப்பு இல்லை’ என்று கணினியே எழுதி வைத்திருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்று. அண்ணன் ஒரு வாரமும் தவறவில்லை.

இருந்ததில் பழையதை முதலில் திறந்தார். அது இப்படித் தொடங்கியது: “போன கடிதத்துலயே எல்லாத்தையும் கொட்டிட்டேன். இனி சொல்றதுக்கு ஒண்ணுமில்லேன்னு நெனச்சேன். வெள்ளிக்கெழம வந்ததும் கை தானா இங்க வந்துருச்சு.”

போன கடிதம் இல்லை. கீழே எவ்வளவு தேடியும் இல்லை. ஒரு மாதம் ஆகிவிட்டதால் பெட்டி அதை அழித்திருந்தது. மதினி எப்படிப் போனார் என்று எழுதிய கடிதம் அது. அதை வாசலில் நின்று ஒரு தடவையாவது படிக்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மற்றவற்றைப் படித்தோம். எனக்குக் கண் மறைத்ததால் இவர்தான் வாய்விட்டுப் படித்தார். அக்கம்பக்கத்தார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், ஆளுக்கு ஒரு நேரம் சாப்பாடு கொண்டுவருகிறார்கள் என்று எழுதியிருந்தார். “ஆனா இந்தியில அழ வரல” என்று எழுதியிருந்தார். அவள் கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன், அது அடித்தால் எனக்குத்தான் கேட்காதே என்று எழுதியிருந்தார். இன்னொன்றில் இருந்தது: “ஒன் புது முகவரி வந்துச்சு. நலமான்னு கேட்டுருந்தே. என் கடிதத்தப் பாக்குறதுக்கு முந்தி எழுதினது போல. தலைப்புல உ போட மனசு வரல, கோவிச்சுக்காத.” அடுத்ததில்: “நீ பதில் எழுதல. அது எனக்குப் புரியுது. இதுக்கு என்னத்த எழுதுவே? நீ படிக்கிறேன்னு எனக்குத் தெரியும். அது போதும்டா. பதிலுக்குன்னு மெனக்கெடாத.”

கடைசிக் கடிதம் முந்தின வெள்ளிக்கிழமை வந்தது. அதில் ‘தங்கச்சிக்கு’ என்று இருந்தது. “அவ ஒனக்குச் சொல்லச் சொன்னத மொதக் கடிதத்துலயே எழுதிட்டேன். தங்கச்சி அதப் படிச்சுட்டு அழுதுச்சான்னு மட்டும் எழுதச் சொல்லு.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மதினி போனதற்கு அழுதேன். எனக்கென்று ஏதோ சொல்லிவிட்டுப் போனதற்கு அழுதேன். அது என்னவென்று தெரியாமல் போனதற்குத்தான் அதிகம் அழுதேன். அந்தக் காது கேட்காத மனிதர் வாராவாரம் உட்கார்ந்து எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார், நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பி. இங்கேயானால் நாங்கள் தினமும் காலையில் பெட்டியைத் திறந்து, ஒன்றும் வரவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டிருந்தோம்.

பாய்க்குப் போன் போட்டேன். அழிந்ததை எடுக்க முடியுமா என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். சாயங்காலம் அவரே வந்து, யார் யாருக்கோ போன் போட்டு விசாரித்துப் பார்த்தார். “அழிஞ்சது அழிஞ்சதுதான் அக்கா. மெயில் கம்பெனிக்காரககிட்டயும் இல்லேங்கிறாக. அந்தப் பெரியவருக்கு அல்லா பொறுமையக் குடுக்கட்டும்” என்றார். குப்பைப் பெட்டி தானாக அழிக்காதபடி மாற்றிவிட்டார். உ விதியை இவரே எடுத்தார். அன்றிலிருந்து தைலமும் மனையும் தடையில்லாமல் உள்ளே வருகின்றன. காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தள்ளுகிறார்.

பாய் போன பிறகு எங்களுக்குள் சண்டை வந்தது.

“படிச்சேன்னே எழுதிருவோம்” என்றார் இவர். “நாம படிக்கிறோம்னு நம்பிக்கிட்டுத்தான் இத்தனையும் எழுதியிருக்கான். ஒரு கடிதத்தக் கூட யாரும் பாக்கலன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவான். இந்த நேரத்துல அவனுக்கு அது வேணுமா?”

“படிச்சேன்னு சொல்லிட்டு அப்புறம் என்ன எழுதுவீக? மதினி எப்படிப் போனாகன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எந்த நாளுன்னு தெரியுமா? அண்ணே ஏதாவது கேட்டா தலையாட்டிக்கிட்டே இருப்பீகளா?”

“சமாளிச்சுக்கலாம்.”

“எனக்குச் சொன்னது ஒண்ணு இருக்கு. நீங்க படிச்சேன்னு எழுதினா அது எனக்கு இந்த ஜென்மத்துல கெடைக்காது” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுயநலம் என்று எனக்கே உறைத்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரை உட்கார வைத்து, எனக்கு வேண்டியதை மறுபடியும் சொல் என்று கேட்பதா? ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. எனக்கு அது வேண்டும்.

இவர் எழுந்தார். கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார். பொய் எழுத ஆரம்பித்து அது ஓடவில்லை என்று நினைக்கிறேன். மனிதருக்குப் பாடம் நடத்தத் தெரியும், புளுகத் தெரியாது. கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சில வரிகள்தான். வடிகட்டியைப் பற்றியும் உ விதியைப் பற்றியும் அதில் இருந்தது. “நீ எழுதினது ஒண்ணும் நேத்து வரைக்கும் என் கண்ணுல படல. மொதக் கடிதம் அழிஞ்சே போச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. என்ன ஆச்சுன்னு சொல்லு” என்று முடித்திருந்தார். இந்தக் கடிதத்தின் தலைப்பில் அவரும் உ போடவில்லை.

அதன் கீழே எனக்காக ஓர் இடம் விட்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: “அண்ணே, நான் அழுதேன். ஆனா மதினி சொன்னதப் படிச்சுட்டு அழல. எனக்கு அது வந்து சேரல.”

அனுப்பிய பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. அண்ணன் இனி எழுதவே மாட்டார் என்று தோன்றியது. யார்தான் எழுதுவார்கள்? இத்தனை வாரம் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியவருக்கு, நீங்கள் குப்பையில் கொட்டினீர்கள் என்று பதில் போட்டிருக்கிறோம். அன்று அடுப்புப் பற்றவைக்கத் தோன்றவில்லை. பழைய சோற்றைப் பிசைந்து இருவரும் சாப்பிட்டோம்.

அண்ணன் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. மறுநாளே பதில் வந்தது.

“ஒன் கடிதத்தப் பாத்ததும் மொதல்ல கோவம்தான் வந்துச்சு. எந்திரிச்சு வெளியே போயிட்டேன். நடந்துக்கிட்டே யோசிச்சேன். இங்க வர்ற ஆளெல்லாம் தோளத் தட்டி, நடந்தது நடந்துருச்சு, விடுங்கங்கிறாக. என்ன நடந்துச்சுன்னு ஒரு ஆளு கேக்கல. நீ கேட்டுருக்கே. ஒக்காரு. ரெண்டு பேரும் ஒக்காருங்க. மொதல்லேருந்து சொல்றேன்.”

சொல்லியிருந்தார். இத்தனை நீளமாக அண்ணன் எழுதி நாங்கள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் மதினி எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்பதிலிருந்து இருந்தது. எந்தச் சேலை, என்ன சாப்பிட்டார், டாக்டரிடம் தமிழும் இந்தியும் கலந்து என்ன கேட்டார், வளையலைக் கழற்றும்போது அது எப்படிச் சிக்கிக்கொண்டது, சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று முதலில் வந்து சொன்னது, பிறகு வேறு டாக்டர் வந்து வேறு மாதிரி சொன்னது. இவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். நடுவில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் ‘தங்கச்சிக்கு’ என்று இருந்தது.

“உள்ள கொண்டு போறதுக்கு முந்தி என்னையக் குனியச் சொல்லி, காதோட வாய வச்சுச் சொன்னா. தங்கச்சிக்கு எழுதுங்க, எனக்கு ஒண்ணும் பயமில்லேன்னு. ஒங்களுக்குக் காது கேக்காட்டாலும், நீங்க சொல்றதக் கேக்குறதுக்குக் காரக்குடியில ரெண்டு பேரு இருக்காக, அந்தத் தைரியத்துலதான் உள்ள போறேன்னு.”